ஃபைனல் ஃபேன்டஸி: கிளைக்கதைகளோடு பதினைந்து வருஷம்

2010-ல் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாசம், பெங்களூரு மெஜஸ்டிக் பக்கம் ஒரு கடையில் பி.எஸ்.பி. என்ற கையடக்க வீடியோ கேம் கருவி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கூடவே இரண்டு டிஸ்க் கொடுத்தார்கள். ஒன்று கார் பந்தயம், இன்னொன்று கிரைசிஸ் கோர். அது ஃபைனல் ஃபேன்டஸி என்ற வீடியோ கேம் தொடரின் ஏழாம் பாகத்துக்கு முன்கதை என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கிருஷ்ணகிரி ராயக்கோட்டை மேம்பாலத்தில் கம்பெனி பஸ் ஏறினால் ஓசூர் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும், அந்த நேரத்துக்கு ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். இப்படிப் பின்கட்டு வழியாக இந்த வீட்டுக்குள் நுழைந்தவன் நான். மெயின் பாகங்களை அப்புறம்தான் விளையாடினேன். "ஒண்ணாம் பாகத்துல இருந்து ஆரம்பிக்கணுமா?" என்று தயங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேண்டாம், தேவையே இல்லை.

1987 டிசம்பரில் ஸ்கொயர் நிறுவனத்தில் ஹிரோனோபு சகாகுச்சி ஆரம்பித்த தொடர் இது. எண் போட்டு வரும் ஒவ்வொரு பாகத்துக்கும் வேறு உலகம், வேறு ஆட்கள், வேறு கதை. சொக்கோபோ என்ற மஞ்சள் பறவை, சில மந்திரங்களின் பெயர்கள், வெற்றி இசை, இப்படிச் சிலதுதான் எல்லாவற்றுக்கும் பொது. அதனால் கிளைகளும் இரண்டு மாதிரி முளைத்தன. ஒரே உலகத்தை எடுத்துக்கொண்டு அதில் சொல்லாமல் விட்டதைச் சொல்பவை ஒரு வகை. எல்லா உலகத்து ஆட்களையும் ஒரே களத்தில் இறக்கி மோதவிடுபவை இன்னொரு வகை. என் பதினைந்து வருஷ அனுபவத்தில் மனசில் ஆழமாகத் தங்கியது முதல் வகை.

கிரைசிஸ் கோர் ஜப்பானில் 2007-ல் வந்தது. சாக் என்ற இளைஞன் ஷின்ரா கம்பெனியின் படையில் சேர்ந்து நாயகனாக ஆசைப்படுகிறான். திரையின் மூலையில் முகங்கள் சுழன்றுகொண்டே இருக்கும், லாட்டரி மெஷின் மாதிரி. அவன் பழகிய மனிதர்களின் முகங்கள் அவை. ஒரே முகம் மூன்று தடவை வரிசையாக நின்றால் அந்த ஆளோடு சம்பந்தப்பட்ட பெரிய தாக்குதல் கிடைக்கும், இடையில் பழைய நினைவும் வந்து போகும். முதலில் எனக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது, சண்டை நம் கையில் இல்லாத மாதிரி. ஆனால் கடைசிச் சண்டையைப் பார்த்த பிறகு இந்தச் சுழல்முகங்களை எதற்காக வைத்தார்கள் என்று புரிந்தது. ஒரு பெரும் படையே வந்து நிற்கிறது, எத்தனை பேரை வெட்டினாலும் தீரவில்லை. அந்த நேரத்தில் சக்கரம் திக்கித் திணறுகிறது. முகங்கள் மங்குகின்றன, ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன, அவன் காதலித்த ஏரித்தின் முகம் மட்டும் கடைசிவரை போகாமல் நிற்கிறது. நான் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். சூளகிரி தாண்டியது தெரியவில்லை, ஓசூர் வந்ததும் தெரியவில்லை, டிரைவர் அண்ணன் வந்து தோளைத் தட்டினார்.

ஏழாம் பாகம் விளையாடியவர்களுக்கு சாக் சாகப்போகிறான் என்று முன்பே தெரியும். தெரிந்தும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இது நமக்குப் புதுசு இல்லை. எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடக்கும்போது கர்ணன் சாகிற ராத்திரிக்குத்தான் கூட்டம் அதிகம். முடிவு தெரியாதவர் அங்கே யாரும் கிடையாது, ஆனாலும் விடிகிற நேரத்தில் பெரியவர்கள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைப்பதைச் சின்ன வயசிலேயே பார்த்திருக்கிறேன். சாக் ஏந்தும் பெரிய வாளை அவனுக்குக் கொடுத்தவன் அவனுடைய குரு ஆன்ஜீல், சாக் சாகும்போது அதை ஏழாம் பாகத்து நாயகன் கிளவுடிடம் ஒப்படைக்கிறான். கதைப்படி இதற்கெல்லாம் பின்னால் நடக்கிற, 2005-ல் வெளியான அட்வென்ட் சில்ட்ரன் படத்தில், சாக் விழுந்த மேட்டில் அதே வாள் நட்டுவைக்கப்பட்டு, துருப்பிடித்து நிற்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயல் ஓரத்தில் நடுகல்லைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டாம். மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல்லை வேடியப்பன் என்று இன்றைக்கும் கும்பிடுகிற ஊர் இது.

குறையும் உண்டு. 300 மிஷன்கள், பாதிக்கு மேல் ஒரே குகை, ஒரே மைதானம். ஆனால் ஒவ்வொன்றும் சில நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பதால் பஸ்ஸுக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்கு அமையவில்லை. 2022 டிசம்பரில் ரீயூனியன் என்று புதுப்பித்து வெளியிட்டார்கள். சண்டை மிருதுவாகிவிட்டது, சக்கரம் சண்டையை நிறுத்துவதில்லை, வசனம் முழுக்கக் குரலில் வருகிறது. இப்போது வாங்குவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்கலாம்.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பி.எஸ்.பி.-க்கு ஒரு கடையில் வாங்கிய 8 ஜி.பி. மெமரி கார்டு போலி. மேலே 8 என்று எழுதியிருந்தது, உள்ளே அவ்வளவு இடம் இல்லை. ஆட்டத்தை விட்ட இடத்தைச் சேமித்து வைத்த நாலு மாச சேவ் ஒரே நாளில் போனது. பழைய கருவி வாங்குகிறவர்கள் கார்டு முழுவதையும் ஒருதடவை நிரப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் விளையாடத் தொடங்குங்கள்.

அடுத்து ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ். என்னைக் கேட்டால் மொத்தத் தொடரிலும், மெயின் பாகங்களையும் சேர்த்து, இதுதான் மணிமகுடம். 1997-ல் யசுமி மட்சுனோ இயக்கியது, 2007-ல் வார் ஆஃப் தி லயன்ஸ் என்று பி.எஸ்.பி.-க்கு வந்தது, அப்புறம் போனுக்கும் வந்தது. சதுரங்கக் கட்டம் மாதிரித் தரை, ஆனால் மேடு பள்ளம் உண்டு. கூரைமேல் ஏறி நிற்கும் வில்லாளிக்கு அம்பு தூரம் போகும். மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பலிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் எதிரி நகர்ந்துவிட்டால் அது நம் ஆள் தலையிலேயே விழவும் கூடும். விழுந்த வீரனின் தலைக்கு மேல் 3, 2, 1 என்று எண் குறையும். பூஜ்யத்துக்குள் போய் எழுப்பாவிட்டால் அவன் ஸ்படிகமாகவோ பெட்டியாகவோ மாறிவிடுவான், திரும்ப வரமாட்டான். பேர் வைத்து, தொழில் கற்றுக்கொடுத்து, இருபது மணி நேரம் வளர்த்த ஆள். அந்த எண் 1-க்கு வரும்போது கை நடுங்கும்.

கதையும் சாதாரணமானது இல்லை. இரண்டு நண்பர்கள். டெலிட்டா சாதாரணக் குடும்பத்தில் பிறந்து ராஜாவாகி வரலாற்றில் நிற்கிறான். ராம்சா உண்மையில் நாட்டைக் காப்பாற்றியவன், ஆனால் மதத்துரோகி என்று முத்திரை குத்தி அவன் பெயரையே அழித்துவிடுகிறார்கள். ரொம்ப காலம் கழித்து ஒரு வரலாற்றாசிரியர் பழைய ஏட்டை எடுத்து உண்மையைச் சொல்வதாகத்தான் மொத்தக் கதையும் அமைந்திருக்கிறது.

மூன்றாம் அத்தியாயத்தில் ரியோவானஸ் கோட்டை வரும். தொடர்ந்து மூன்று சண்டைகள், நடுவில் சேவ் பண்ணச் சொல்லிக் கேட்கும், பண்ணினால் வெளியே போக வழி கிடையாது. உள்ளே ராம்சா தனியாக வீக்ராஃப் என்பவனோடு மோத வேண்டும். ஜெயித்தால் அவன் பூதமாக மாறி மறுபடி வருவான். நான் ஒரே சேவ் வைத்திருந்தேன், முப்பது மணி நேர ஆட்டம் அங்கேயே பூட்டிக்கொண்டது. கடைக்குப் போக முடியாது, லெவல் ஏற்ற முடியாது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் முறை, ராம்சாவின் வேகத்தை ஏற்றும் திறனைத் தனக்கே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு, அடி விழும்போதெல்லாம் தானாக மருந்து குடிக்கும் திறனையும் சேர்த்து, அவன் ஒரு தடவை அடிப்பதற்குள் நான் மூன்று தடவை அடித்து ஜெயித்தேன். அன்றைக்கு நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் தூங்கவே இல்லை. பி.எஸ்.பி.-யில் மந்திரம் போடும்போது ஆட்டம் இழுக்கும் என்பது எல்லோரும் அறிந்த குறை, போன் பதிப்பில் அது கிடையாது.

இந்த ஆட்டத்துக்குள்ளேயே கிராஸ்ஓவரும் உண்டு, அதாவது ஒரு ஆட்டத்து ஆள் இன்னொன்றில் வந்து போவது. ஏழாம் பாகத்து கிளவுட் ஒரு இயந்திரம் வழியாக வந்து விழுவான், லெவல் 1-ல், தான் யார் என்ற குழப்பத்தோடு. எரிமலை உச்சியில் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் புதைந்திருக்கும் வாளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்வரை அவனால் தன் பெரிய தாக்குதல்களைப் போட முடியாது. அவனைத் தேறவைக்க நான் பத்து மணி நேரம் செலவழித்தேன். விருந்தாளியாக வந்தவனை இப்படிக் கையைப் பிடித்து வளர்க்க வைத்த கிராஸ்ஓவர் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

இனி, எல்லோரையும் மோதவிடும் இரண்டாம் வகை. டிஸ்ஸிடியா 2008-ல் வந்தது. முதல் பத்துப் பாகத்தின் நாயகர்களும் வில்லன்களும் நேருக்கு நேர். இரண்டு வகை அடி இதில். ஒன்று எதிராளியின் பிரேவரி எண்ணைப் பிடுங்கி நம்மிடம் சேர்க்கும். இன்னொன்று, சேர்த்த எண் எவ்வளவோ அவ்வளவு உயிரை எடுக்கும், எடுத்ததும் எண் காலியாகிவிடும். எப்போது சேர்ப்பது, எப்போது செலவழிப்பது என்பதில்தான் மொத்த ஆட்டமும். பர்கூரிலிருந்து வரும் நண்பனிடமும் பி.எஸ்.பி. இருந்தது. பின் சீட்டில் உட்கார்ந்து ஒயர் இல்லாமல் இணைத்து ஆடுவோம். "மாப்ள, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்பான், கம்பெனி கேட் வந்திருக்கும். 2011-ல் வந்த டிஸ்ஸிடியா 012-ல் முதல் ஆட்டத்தின் கதையும் அடக்கம், அதனால் அந்த ஒன்று போதும். 2018-ல் பி.எஸ்.4 கருவிக்கு வந்த டிஸ்ஸிடியா என்.டி.யில் மூவருக்கு மூவர், திரை முழுக்கக் கூட்டம். எனக்கு ஒட்டவில்லை.

அப்புறம் போன். டிஸ்ஸிடியாவின் போன் ஆட்டமான ஓபரா ஆம்னியாவை, 2018 ஜனவரியில் உலகம் முழுக்க வந்த நாளிலிருந்து ஆடினேன். அதே பிரேவரி கணக்கு, ஆனால் முறை வைத்து நிதானமாக ஆடலாம். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள். மெயின் கதையில் சந்திக்கவே முடியாதவர்கள் இங்கே உட்கார்ந்து பேசுவார்கள், தங்கள் ஊரில் இழந்தவர்களைப் பற்றி. கல்யாணம், குழந்தை, கொரோனா நாட்கள் எல்லாவற்றின் நடுவிலும் தினம் பத்து நிமிஷம் அதற்கு ஒதுக்கியிருந்தேன். 2024 பிப்ரவரி 29 அன்று சர்வர் நின்றது. முந்தின இரவு எல்லோரையும் ஒருதடவை திறந்து பார்த்துவிட்டுப் படுத்தேன். காலையில் உள்ளே போக முடியவில்லை. இதற்கு முன்னால் 2022-ல் ரெக்கார்ட் கீப்பர் என்ற இன்னொரு போன் ஆட்டத்தின் உலகப் பதிப்பும் இப்படித்தான் போனது. ஆறு வருஷ ஆட்டத்தில் இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது பதினெட்டு ஸ்கிரீன்ஷாட். 2010-ல் வாங்கிய கிரைசிஸ் கோர் டிஸ்க்கோ இன்னும் ஓடுகிறது. அதனால் போன் ஆட்டங்களை ஆடாதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் பணம் போடுவதாக இருந்தால் கையில் நிற்பதில் போடுங்கள்.

மற்ற கம்பெனி ஆட்டங்களுக்கு விருந்தாளியாகப் போனவற்றில் பல, ஆள் மட்டும் வந்து நிற்பவை. டெக்கன் 7 என்ற சண்டை ஆட்டத்தில் 2018-ல் பதினைந்தாம் பாகத்து நாயகன் நாக்டிஸ் வந்தான், நன்றாகவே அடிப்பான், அதோடு சரி. மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்டில் அதே வருஷம் வந்த, இந்தத் தொடரின் பெஹிமோத் என்ற ராட்சத மிருகம்தான் விதிவிலக்கு. அது ஒரு ஆளைக் குறிவைத்துத் துரத்தும், வானத்திலிருந்து பெரிய எரிகல் விழும், ஏற்கனவே விழுந்த கல்லுக்குப் பின்னால் ஒளிந்தால்தான் உயிர். இல்லாவிட்டால் சரியான நொடியில், இந்தத் தொடரில் வரும் டிராகூன் வீரனின் குதிக்கும் சைகையைப் போட்டுத் தப்பலாம். ஆளோடு சேர்த்து ஆடும் முறையையே கொண்டுவந்திருந்தார்கள்.

கிங்டம் ஹார்ட்ஸை என் அக்கா மகனோடு ஆடுகிறேன். டிஸ்னி ஆட்களும் இந்தத் தொடரின் ஆட்களும் சேர்ந்து 2002-ல் தொடங்கியது அது. டொனால்டு வாத்துக்காக உட்கார்ந்தவன், கிளவுட் வந்ததும், "மாமா, இவன் கத்தி ஏன் இவ்ளோ பெருசு?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்ல கிரைசிஸ் கோரை எடுத்து வைத்தேன். இப்போது பாதி தாண்டிவிட்டான். முடிவை நான் சொல்லவில்லை.

நானோ 2025 செப்டம்பர் 30 அன்று வந்த டாக்டிக்ஸின் புதுப்பதிப்பில் இருக்கிறேன். குரல் சேர்த்திருக்கிறார்கள், தானாகவே சேவ் ஆகிறது. மறுபடியும் ரியோவானஸ் கோட்டை வாசல் வரை வந்தாயிற்று. தானாக ஆகும் சேவ் இருந்தாலும், தனியாக மூன்று சேவ் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போகிறேன்.