எக்ஸ் போடலாமா, யோசித்தே முடிக்கலாமா?

ஒரே வாக்கியக் கணக்கைச் சமன்பாடு எழுதியும் போடலாம், தர்க்கத்தால் வளைத்தும் பிடிக்கலாம். எது வேகம் என்பதைக் கணக்கின் அமைப்புதான் சொல்லும்.

பழைய தலை-கால் கணக்கையே எடுங்கள். கோழி, முயல் சேர்த்துத் தலை 35, கால் 94. சமன்பாட்டு வழியில் இரண்டு மாறி, இரண்டு வரி, ஒன்றை நீக்கி விடை. அனுமான வழியில் எல்லாமே கோழி என்று வைத்துக்கொண்டால் கால் 70. மிச்சம் 24. ஒரு கோழியை முயலாக மாற்றினால் கால் 2 கூடும். ஆகவே முயல் 12, கோழி 23. காகிதமே வேண்டாம்.

ஆனால் இந்த வழி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 20 கேள்வி, சரிக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 2 கழிவு, எல்லாவற்றுக்கும் பதில் எழுதி மொத்தம் 72. எல்லாம் சரி என்றால் 100, குறைவு 28. பலர் இதை 2-ஆல் வகுத்து 14 தவறு என்பார்கள். ஒரு விடை தப்பினால் வரவேண்டிய 5-உம் போகிறது, கூடவே 2-உம் போகிறது. இழப்பு 7. தவறு 4, சரி 16. சரிபார்த்தால் 80 − 8 = 72. அனுமான முறையில் எதை எதால் வகுக்கிறோம் என்பதுதான் உயிர். ‘ஒன்றை மாற்றினால் மொத்தம் எவ்வளவு நகரும்?’ என்று கேட்காமல் வகுக்கவே கூடாது.

சமன்பாட்டில் தப்பு வேறு இடத்தில் வரும். ‘ஓர் ஆசிரியருக்கு ஆறு மாணவர்’ என்றதும் 6மா = ஆ என்று எழுதிவிடுகிறார்கள். வாக்கியத்தின் வரிசையை அப்படியே பெயர்த்ததன் விளைவு. எழுத்து என்பது ஆளின் பெயர்ச்சுருக்கம் அல்ல, எண்ணிக்கை. சரியானது மா = 6ஆ. ஆசிரியர் 2 என்று போட்டுப் பார்த்தாலே தப்பு தெரிந்துவிடும்.

வயதுக் கணக்கில் என் ஓட்டு தர்க்கத்துக்கே. 5 வருடத்துக்கு முன் தந்தை வயது மகனைப் போல் 7 மடங்கு; 5 வருடம் கழித்து 3 மடங்கு. வயது வித்தியாசம் என்றைக்கும் மாறாது. அன்று அது மகன் வயதைப் போல் 6 மடங்கு, பின்னால் 2 மடங்கு. அப்படியென்றால் இந்த 10 வருடத்தில் மகன் வயது மூன்று மடங்காகியிருக்க வேண்டும். கூடிய 10 என்பது அன்றைய வயதைப் போல் இரண்டு மடங்கு. அன்று 5, இன்று 10, தந்தைக்கு 40. சமன்பாடும் இதே விடையைத் தரும். ஆனால் மகனின் இன்றைய வயதை ம என்று வைத்து 7(ம − 5) என எழுத வேண்டிய இடத்தில், 5-ஐ அடைப்புக்குள் போட மறந்து 7ம − 5 என்று எழுதுவதுதான் அங்கே வழக்கமான விபத்து.

கடைசி மிச்சம் மட்டும் தெரிந்தால் பின்னோக்கிப் போங்கள். இது பழைய உத்திதான். ஆரியபட்டர் கி.பி. 499-லேயே தலைகீழ் வழியைச் சொல்லியிருக்கிறார். உதாரணமாக, பழங்களோடு போகும் ஒருவர் மூன்று வாசலிலும் கையில் இருந்ததில் பாதியும் மேலும் ஒன்றும் கொடுத்து, மிச்சம் 1. முதலில் இருந்தது எத்தனை? ஒவ்வொரு வாசலுக்கும் முதலில் 1 கூட்டி, பிறகு இரட்டிக்க வேண்டும்: 4, 10, 22. வரிசையை மாற்றி இரட்டித்துக் கூட்டினால் 15 வரும்; அதில் பாதி ஏழரை என்றதுமே குட்டு வெளிப்பட்டுவிடும்.

வேலைக் கணக்குக்கு அதிகம் யோசிக்க வேண்டாம்: ஒரு வேலையை ஒருவர் 6 நாளிலும் இன்னொருவர் 12 நாளிலும் முடிப்பார் என்றால், இரண்டின் மீ.சி.ம. (இரண்டாலும் வகுபடும் மிகச்சிறிய எண்) 12-ஐ மொத்த வேலையாக வையுங்கள்; நாளுக்கு 2 + 1 = 3 அலகு, சேர்ந்து செய்தால் 4 நாள்.

இத்தனைக்குப் பிறகும் எக்ஸை ஒதுக்க முடியாத இடம் உண்டு. நீளம் அகலத்தைவிட 3 அதிகம், பரப்பு 154 என்றால் 11 × 14 என்று தேடியே பிடிக்கலாம். பரப்பை 150 ஆக்கிப் பாருங்கள். முழு எண் எதுவும் பொருந்தாது. அகலம் சுமார் 10.84. அதை இருபடிச் சமன்பாடுதான் நேராகத் தரும்.