ஈ-ரீடர்: எல்லாம் சரி, பின்னால் புரட்ட மட்டும் முடியாது

மின்னூல் படிக்கும் கருவியான என் பழைய ஈ-ரீடருக்கு பேட்டரி மாற்றி வாங்கிவந்த நேரம் பார்த்து நண்பர் கேட்டார்: "நானும் ஒன்று வாங்கலாமா, புத்தகமாகவே வாங்கிப் படிக்கட்டுமா?" பல வருடங்கள் இதில் படித்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். இதில் இருக்கும் ஈ-இங்க் என்ற வகைத் திரையில் மிக நுண்ணிய குமிழிகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் இருக்கின்றன. பக்கம் மாறும்போதுதான் அவை மின்னூட்டத்தால் இடம் மாறும். அப்புறம் மின்சாரம் இல்லாமலே எழுத்து அப்படியே நிற்கும். அதனால்தான் ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. நல்ல வெயிலிலும் படிக்கலாம். எல்லாவற்றையும் விட, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பார்வை மங்கிப் படிப்பதையே விட்டிருந்த என் அப்பா, இதில்தான் மறுபடி நாவல் படிக்க ஆரம்பித்தார். இதைச் செய்தவர்களுக்கு என்ன நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் இதில் பின்னால் புரட்டிப் பார்ப்பது இருக்கிறதே, அதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. பாதி நாவல் தாண்டியதும், முன்பு எப்போதோ வந்துபோன ஒருவர் திரும்ப வருவார். யார் இவர்? அச்சுப் புத்தகம் என்றால், ஆரம்பத்துப் பக்கங்களில், இடப்பக்கம், அடியில் எங்கோ படித்தோம் என்று மனதில் நிற்கும். விரல் தானாக அங்கே போகும். ஈ-ரீடரில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கைக்கு ஒன்றுதான். மூலையில் 43% என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எழுத்தளவை மாற்றினால் வரிகளும் இடம் மாறிவிடும். தேடல் வசதி இருக்கிறதே என்பார்கள். பெயர் நினைவிருந்தால்தானே தேட முடியும்! மடமடவென்று தள்ளிப் பார்க்கலாம் என்றால், ஒவ்வொரு பக்கத்துக்கும் திரை ஒரு கணம் தயங்கும். வரைபடமும் அடிக்குறிப்பும் உள்ள வரலாற்று நூல் என்றால் இன்னும் கொடுமை.

இது என் பிரமை மட்டும் அல்ல. வாசிப்பை ஆராயும் ஆன் மாங்கனும் சக ஆய்வாளர்களும் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 50 பேருக்கு 28 பக்கக் கதை ஒன்றைக் கொடுத்து, பாதிப் பேரை அச்சிலும் மீதிப் பேரை அமேசானின் ஈ-ரீடரான கிண்டிலிலும் படிக்கவைத்தார்கள். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் சமம். எது முன்பு நடந்தது, எது பின்பு என்ற வரிசையில் மட்டும் அச்சில் படித்தவர்கள் முந்தினார்கள். படித்ததும், நான் தடுமாறும் இடம் இதுதான் என்று தோன்றியது.

சொந்தம் என்ற விஷயமும் உண்டு. 2009இல் அமேசான், தான் விற்ற சில நூல்களையே வாசகர்களின் கிண்டிலிலிருந்து அழித்தது. மைக்ரோசாஃப்ட் 2019இல் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்களும் சேர்ந்து போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்தான். ஆனால் புத்தகம் போனது போனதுதானே?

நியாயமாகக் கூட்டிக் கழித்தால் வாங்கலாம் என்றுதான் வரும். எடை குறைவு, இடம் அடைக்காது, நினைத்த நொடியில் புத்தகம் கிடைக்கும். இருந்தும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். அவர் பென்சிலோடு உட்கார்ந்து, நாலு பக்கம் போய் இரண்டு பக்கம் திரும்புகிற ஆள். அப்படிப் படிப்பவர்கள் இருக்கும்வரை அச்சுக்கு வேலை இருக்கிறது. எழுத்து பெரிதாக வேண்டும் என்பவர்கள் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் இன்றே வாங்கிவிடுங்கள்.