கொலுசுப் பட்டறையில் எக்ஸ்எஃப்சிஇ: சில வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில், மெனு, ஜன்னல், பட்டன் எல்லாவற்றையும் காட்டும் டெஸ்க்டாப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம்; க்னோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ எல்லாம் அப்படிப்பட்டவை. எது நல்லது என்று கேட்டால், ஆளாளுக்கு ஸ்கிரீன்ஷாட்டைத்தான் நீட்டுகிறார்கள். எங்களுக்கு அது உதவாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சித்தப்பாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கணக்குக்கு இருப்பது ஒரே பழைய கம்ப்யூட்டர், 4 ஜிபி ராம். காலையில் சித்தப்பா உட்காருவார், அப்புறம் பில் போடும் அக்கா, ராத்திரி நான். எடை, டச் (வெள்ளியின் தரம்), கூலி எல்லாம் எக்செல் மாதிரியான லிப்ரே ஆபீஸ் கால்க்கில்தான். நான் இல்லாத நேரத்தில் எனக்கு போன் வரக் கூடாது. டெஸ்க்டாப்பிடம் நான் எதிர்பார்த்தது அவ்வளவே.

முதலில் க்னோம் போட்டேன். 2011இல் க்னோம் 3 வந்ததிலிருந்தே அதில் மினிமைஸ் பட்டன் தானாக வராது, கீழே டாஸ்க்பாரும் கிடையாது. திறந்திருப்பதை எல்லாம் மொத்தமாக விரித்துக் காட்டும் பக்கத்துக்குப் போய்த்தான் தேட வேண்டும். "ஏன் சாமி, இப்பத்தான இருந்துச்சு, பில்லு எங்க போச்சு?" என்று சித்தப்பா கேட்காத நாளில்லை. பட்டனை ட்வீக்ஸ் என்ற தனிச் செயலியில் வரவழைக்கலாம், டாஸ்க்பாருக்கு யாரோ எழுதித் தந்த எக்ஸ்டென்ஷன் (கூடுதல் இணைப்பு) இருக்கிறது. ஆனால் க்னோம் அடுத்த பதிப்புக்குத் தாவும்போது, எழுதியவர் அதற்கேற்ப மாற்றித் தரும்வரை அந்த எக்ஸ்டென்ஷன் படுத்துவிடும். ஒன்று சொல்லியாக வேண்டும்: தமிழ் தட்டச்சு க்னோமில்தான் சுலபம். மொழி மாற்றித் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் உள்ளேயே இருக்கிறது, செட்டிங்ஸில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தால் முடிந்தது.

கேடிஇ பிளாஸ்மா என் சொந்த லேப்டாப்பில் ஓடுகிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரு காலத்தில் பலரும் சொன்ன அளவுக்கு மெஷினுக்குக் கனமும் இல்லை. பட்டறைக்குத்தான் வேண்டாம் என்று விட்டேன். எதைத் தொட்டாலும் மாற்றலாம் என்றால், யார் தொட்டாலும் மாறும்.

கடைசியில் நின்றது லினக்ஸ் மிண்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஒலிவியே ஃபூர்தான் 1996இல் ஆரம்பித்த திட்டம் இது. அதன் 4.12 பதிப்பு வந்தது 2015இல், அடுத்த 4.14 வந்தது 2019இல். அவ்வளவு நிதானம். மற்றவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். கை பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்க வேண்டிய எங்களுக்கு அதுதான் வசதி.

அலங்காரம் என்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. மெனுவும் திறந்த ஜன்னல்களும் தெரியும் பட்டையான பேனலைக் கொஞ்சம் உயரமாக்கினேன். எழுத்தின் அளவைத் தீர்மானிக்கும் டிபிஐயை 96இலிருந்து 120 ஆக்கினேன், சித்தப்பா கண்ணாடியைத் தேடுவது குறைந்தது. பேனல் விருப்பங்களில் 'லாக் பேனல்' என்று ஒரு டிக் உண்டு, அதைப் போட்டுவிட்டால் மவுஸ் தவறி இழுத்தாலும் பேனல் இடம் மாறாது. இத்தனை வசதியில் எனக்குப் பிடித்தது அந்த டிக்தான்.

மண்டை காய்ந்தது தமிழுக்கு மாறும் சாவியில். ஐபஸ் வழக்கமாக சூப்பர் கீயோடு (விண்டோஸ் சின்னம் போட்ட சாவி) ஸ்பேஸ் கேட்கும். ஆனால் அக்காவுக்கு சூப்பர் கீயைத் தட்டினால் செயலிகளைக் காட்டும் விஸ்கர் மெனு திறக்க வேண்டும், எங்கள் மெஷினில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. கன்ட்ரோல் ஸ்பேஸ் வைத்தால், கால்க்கில் அது ஒரு நெடுவரிசை (column) முழுவதையும் தேர்ந்தெடுக்கும் சாவி. ஷிஃப்ட் ஸ்பேஸ் என்றால் கிடைவரிசை முழுவதும். எடை போட்ட நெடுவரிசை முழுக்க நீலமாகி நிற்கும்போது ஒரு எழுத்து விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் சீண்டாத ஸ்க்ரோல் லாக்கை அதற்கு ஒதுக்கினேன். இப்போது அந்தச் சாவியில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறார் அக்கா.

எக்ஸ்எஃப்சிஇயில் கோப்புகளைத் திறந்து பார்க்கும் செயலி தூனார்; ரைட் கிளிக் மெனுவில் நம் சொந்தக் கட்டளையைச் சேர்க்கும் அதன் 'கஸ்டம் ஆக்‌ஷன்ஸ்' பற்றி யாரும் பேசுவதே இல்லை, அதில் எனக்கு ஆதங்கம். புது டிசைன் கொலுசைப் படமெடுத்தால் ஒவ்வொன்றும் பல எம்பி வரும். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'வாட்ஸ்அப் சைஸ்' என்று ஒரு வரி வரும்படி வைத்திருக்கிறேன். பின்னால் இமேஜ்மேஜிக் என்ற படம் மாற்றும் மென்பொருளின் கட்டளை ஒன்று ஓடி, அகலத்தை 1200 பிக்சலாக்கி வேறு ஃபோல்டரில் போடும், ஒரிஜினல் அப்படியே இருக்கும். அந்த வரி படக் கோப்புகளுக்கு மட்டும் தெரியும்படி அதே ஜன்னலிலேயே டிக் செய்யலாம். வெளியூர் வியாபாரி படம் கேட்டால் சித்தப்பாவே இப்போது அனுப்பிவிடுகிறார்.

குறை இல்லாமலில்லை. திரையை ஒன்றரை மடங்கு பெரிதாக்குவது போன்ற நடுத்தர அளவுகளில் எக்ஸ்எஃப்சிஇ இன்னும் தடுமாறுகிறது. டிபிஐ எழுத்தைத்தான் பெருக்கும், பட்டன்களும் ஐகான்களும் கூடவே சீராக வளர்வதில்லை. லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலேண்டுக்கான ஆதரவும் 2024 டிசம்பரில் வந்த 4.20இல்தான் எட்டிப் பார்த்தது, அதுவும் சோதனை நிலையில். இரண்டு மானிட்டர், 4கே திரை என்று வைத்திருப்பவர்கள் பிளாஸ்மா 6 பக்கம் போவதே மேல். தமிழ் மட்டும் அடித்தால் போதும், ஆளும் ஒருவர்தான் என்றால் க்னோமே போதும்.

மெஷின் மாற்ற வேண்டி வந்தால் ஹோம் ஃபோல்டரில் உள்ள மறைவான கான்ஃபிக் (.config) ஃபோல்டரிலிருந்து எக்ஸ்எஃப்சிஇ4 (xfce4), தூனார் (Thunar) என்ற இரண்டு ஃபோல்டர்களையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பேனல், சாவிகள், அந்த ரைட் கிளிக் வரி எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. ஐபஸ் அமைப்பு மட்டும் அதில் வராது, புதிதாகத்தான் வைக்க வேண்டும்.