மதுரையில் மகளுக்கு எடுத்த எம்.சி.யூ. (சிறுநீர்ப்பை எக்ஸ்ரே)

இந்தத் தடவை இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து ஐந்து வாரம் ஊருக்குப் போயிருந்தோம். போன இரண்டாம் நாளே இரண்டரை வயது மகளுக்கு 103 டிகிரி காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை. அம்மாச்சி "உடம்பு சூடுதான்" என்று இளநீர் கொடுத்தார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் சிறுநீரைப் பார்க்காமலே ஆன்டிபயாடிக் எழுதிவிட்டார்கள். நர்ஸாக வேலை பார்க்கும் என் மதினிதான் தடுத்தார்: "மொதல்ல யூரின் கல்ச்சர் குடு, அப்புறம் மருந்தைக் குடு." அவருக்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் தகும். மருந்து உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியாது. இரண்டு நாளில், சிறுநீரில் ஈ.கோலை என்ற கிருமி இருக்கிறது என்று வந்தது. ஒரே வருடத்தில் மகளுக்கு இது இரண்டாவது சிறுநீர்த் தொற்று.

அல்ட்ராசவுண்டு அன்று சாயங்காலமே கிடைத்தது. இடது சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் கொஞ்சம் விரிந்திருந்தது. குழந்தை மருத்துவர் பேப்பரில் வரைந்தே காட்டினார். அந்தக் குழாய் சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகிறது. பை நிறையும்போது சுவர் அழுத்தி அதை மூடிவிடும். சில பிள்ளைகளுக்குச் சுவருக்குள் இருக்கும் அந்தப் பகுதி குட்டையாக இருப்பதால், சிறுநீர் மேலே திரும்பி ஏறும். அல்ட்ராசவுண்டு சரியாக இருந்தாலும் இது இல்லை என்று சொல்லிவிட முடியாதாம். அதைப் பார்க்க, சிறுநீர்ப்பையில் சாயம் ஏற்றி, சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்ரே எடுப்பார்கள். லெஸ்டரில் எம்.சி.யூ.ஜி. என்று சொல்லும் இதை மதுரையில் எம்.சி.யூ. என்கிறார்கள். தொற்று முழுக்க அடங்கிய பிறகு, நான்காவது வாரம் நாள் கொடுத்தார்கள். முந்தின நாள், அன்று, மறுநாள் என மூன்று நாளும் ஆன்டிபயாடிக்.

எக்ஸ்ரே மேசையில் படுக்க வைத்து, ஜெல்லி தடவி, மெல்லிய டியூபைச் செருகினார்கள். அப்போது வீறிட்டு அழுதாள். ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு நான் கையைப் பிடித்திருந்தேன். ஸ்டாண்டில் தொங்கிய பாட்டிலிலிருந்து சாயம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அழுகைகூட அடங்கிவிட்டது. பை நிறைந்ததும் "மூச்சா போடா கண்ணு" என்றார் சிஸ்டர். போகவே மாட்டேன் என்கிறாள். "பெட்ல போகக் கூடாதுன்னு சொன்னியேம்மா" என்று என்னையே கேட்டாள். போன மாதம்தான் டயப்பரை நிறுத்தியிருந்தோம். அவள் சிறுநீர் கழிக்கும்போது எடுக்கும் படம்தான் முக்கியம். சில பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் மட்டும்தான் மேலே ஏறும். சிஸ்டர் அவசரப்படவே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றி, "உஸ்ஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் கழித்துப் போனாள். திரையில் இடது பக்கம் வெள்ளையாக ஒரு கோடு சிறுநீரகம் வரை ஏறுவதை நானே பார்த்தேன்.

சிறுநீர் மேலே ஏறுவது ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலை என்று ரிப்போர்ட் வந்தது. வளர வளர நிறைய பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும் என்றார் மருத்துவர். அதுவரை தினமும் இரவு குறைந்த அளவில் ஆன்டிபயாடிக்; மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; சிறுநீரை அடக்க விடக் கூடாது. சிறுநீரகத்தில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன்தான் காட்டும். தொற்று வந்த சூட்டோடு எடுத்தால் தற்காலிக வீக்கமும் தழும்பு மாதிரியே தெரியும் என்பதால், நாலு முதல் ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார். அதை லெஸ்டரில் எடுத்துக்கொள்வோம்.

படங்கள், சிடி, கல்ச்சர் ரிப்போர்ட் எல்லாவற்றையும் பெரிய கவரில் போட்டு எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைத்திருந்தேன். லெஸ்டர் மருத்துவர் சிடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை டியூப் போட வேண்டியதில்லை என்றார்.