பெரம்பூர் பிரேம் கடையில் அச்சான மோனேயின் மூடுபனி

பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1879இல் வரைந்த ‘மூடுபனியில் வெத்தேய்’ ஓவியத்தைப் பெரம்பூர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள சிறிய பிரேம் கடையொன்றில் கேன்வாஸில் அச்சிட்டு வாங்கி, ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். பெரும்பாலும் சாமி படங்களுக்கும் மறைந்தவர்களின் படங்களுக்கும் சட்டம் போட்டுத் தரும் அந்தக் கடை இந்த வேலையில் காட்டிய பொறுமையைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

பிரான்ஸில் சேன் நதியின் எதிர்க்கரையிலிருந்து பார்க்கையில் வெத்தேய் என்ற ஊரின் தேவாலயமும் அதைச் சுற்றிய வீடுகளும் பனியில் கரைந்து, நீரில் விழும் நிழலைவிடச் சற்றே அழுத்தமாகத் தெரிவதுதான் இந்த ஓவியம். கோபுரத்துக்குக் கூடத் தெளிவான விளிம்பு இல்லை. இதை வாங்கவிருந்த பாடகர் ழான் பாப்டிஸ்ட் ஃபோர், மிகவும் வெளுத்திருக்கிறது, துணியில் போதிய வண்ணமே இல்லை என்று மறுத்துவிட்டார். மோனே பிறகு அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். இன்று அது பாரிஸின் மர்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அச்சிடுபவர்களுக்கும் ஃபோருக்குத் தோன்றியதே தோன்றும். படம் மங்கலாக இருக்கிறதென்று கணினியில் வண்ணத்தை ஏற்றிவிட்டால் பனி விலகிவிடும், ஓவியமும் போய்விடும். இங்கே முதலில் ஒரு சிறு துண்டை மாதிரியாக அச்சிட்டு, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் காட்டினார்கள். நீலம் சற்றுத் தூக்கலாக இருந்ததைச் சொன்னதும், முகம் சுளிக்காமல் குறைத்து மறுபடியும் எடுத்தார்கள். கடையில் வழக்கமாகப் போடும் 18க்கு 24 அங்குல அளவில் மேலோ கீழோ வெட்ட வேண்டியிருந்திருக்கும். மூல ஓவியம் 60க்கு 71 சென்டிமீட்டர் என்பதால் 24க்கு 28 அங்குலத்தில் கேட்டேன், அப்படியே தந்தார்கள். பளபளப்பான லேமினேஷன் போட்டால் டியூப் லைட் வெளிச்சம் படத்தின் மேல் விழும் என்று எச்சரித்து, மேட் பூச்சைப் பரிந்துரைத்தவரும் கடைக்காரரே.

தூரிகைத் தடத்தின் மேடுபள்ளம் அச்சில் வராது. அதை எதிர்பார்த்து வாங்கக் கூடாது. குறை என்று சொன்னால் பின்பலகை ஒன்றுதான். மெல்லிய ஹார்ட்போர்டு கடற்காற்றின் ஈரத்தில் ஓரத்தில் உப்பத் தொடங்கியிருக்கிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது ஈரம் தாங்கும் பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்கள்; வெளிச்சுவரில் மாட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள்.