ஆன்லைன் வாசிப்புக் குழு, மூணு வருஷ அனுபவம்: பேசுறது ஈஸி, புக்கு தேடுறதுதான் வேலை

எனக்குக் கண் பார்வை கிடையாது, ஸ்க்ரீன் ரீடர் (திரையில இருக்கிற எழுத்தைக் குரல்ல சொல்ற சாஃப்ட்வேர்) வச்சுக் கேட்டுத்தான் படிக்கிறேன். எங்க குழுவுல என்னைமாதிரி இன்னும் ரெண்டு பேர், எழுத்தை நல்லா பெருசாக்கினாதான் படிக்க முடியிற ஒரு அக்கா, மத்தவங்க அச்சுப் புத்தகக்காரங்க. 14 பேரா ஆரம்பிச்சோம், இப்ப விடாம வர்றது எட்டு பேர்.

முதல் வருஷம் செஞ்ச தப்பு என்னன்னா, ஓட்டு போட்டு புக்கை முடிவு பண்ணிட்டு அப்புறம் காப்பி தேடினது. கிடைச்சதெல்லாம் ஸ்கேன் பிடிஎஃப், அதாவது பக்கம் பக்கமா போட்டோ, ரீடர் காலி டாகுமெண்ட்டுன்னு சொல்லிட்டு கம்முனு இருந்துரும். அந்த மாசம் நாங்க மூணு பேரும் அடுத்தவங்க பேசினதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம், அவ்வளவுதான். இப்ப எல்லாருக்கும் படிக்கத் தோதா காப்பி கைக்கு வந்த புக்கு மட்டும்தான் ஓட்டுக்கே போகும். புதுசா வர்ற நாவல் பலதும் இதனால அடிபட்டுப் போகுதுன்னு ஒருத்தருக்கு இன்னும் வருத்தம், அதுவும் நியாயம்தான்.

எங்கே தேடுறதுன்னா, பழைய நூலுக்கு, தமிழ் நூல்களை இணையத்துல போடுற மதுரைத் திட்டம், 1998லருந்து இருக்கு, காசு கிடையாது, யூனிகோடுல (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) இருக்கிறதால ரீடர் சுத்தமா வாசிக்கும். இங்கிலீஷ் புக்குன்னா ஆன்லைன் நூலகமான புக்‌ஷேர், ஆனா அங்க பார்வைக் குறைபாடு, டிஸ்லெக்சியா மாதிரி அச்சுல படிக்க முடியாத காரணத்துக்குச் சான்று காட்டணும், எடுத்த ஃபைலை குழுவுல மத்தவங்களுக்கு அனுப்பக்கூடாது. நாங்க அனுப்புறதில்லை. அவங்க அவங்க காப்பி அவங்க அவங்களுக்கு.

பழைய ஃபாண்ட் தொல்லையைத்தான் சொல்லியே ஆகணும். பாமினி மாதிரி ஃபாண்டுல அடிச்ச ஃபைல் கண்ணுக்கு அழகான தமிழ், உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்து, "அம்மா"ங்கிற இடத்துல உள்ள இருக்கிறது எம், கே, செமிகோலன், கே, எச். "எனக்கு நல்லாத்தானே தெரியுது"ன்னு அனுப்பினவர் சொல்வார், அவர்மேல தப்பில்லை. கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்தினா சரியாயிடும். ஸ்கேனா இருந்தா கூகுள் டிரைவ்ல ஏத்தி டாக்ஸ்ல திறந்தா எழுத்தா மாறும், தமிழுக்கும் நல்லாவே வேலை செய்யுது, ஆனா துணைக்காலையும் (ா) ரகரத்தையும் குழப்பிக்கும், வரிக் கடைசியில உடைஞ்ச சொல்லு உடைஞ்சபடியே நிக்கும். யாராவது ஒருத்தர் உக்காந்து திருத்தணும். காப்பிரைட் முடிஞ்ச புக்குக்கு மட்டும் நாங்க பங்கு போட்டு திருத்துறோம்.

படிக்க நான் வச்சிருக்கிற ஸ்க்ரீன் ரீடர், கம்ப்யூட்டர்ல என்விடிஏ (இலவசம், 2006லருந்து வருது), போன்ல டாக்பேக். பிடிஎஃப்பை விட ஈபப்ங்கிற மின்னூல் வடிவம் எவ்வளவோ மேல், அத்தியாயம் அத்தியாயமா தாவலாம், அக்காவுக்கும் எழுத்தைப் பெருசாக்கினா வரி தானா மடங்கிக்கும், இடதுவலமா தள்ளிக்கிட்டே இருக்க வேணாம்.

பேச்சுல ஒண்ணு மாத்தினோம். "87ஆம் பக்கத்துல பாருங்க"ன்னா எங்களுக்கு ஒண்ணும் புரியாது, ஈபப்ல பக்கம் வேற. அத்தியாயம் சொல்லி முதல் நாலு வார்த்தையை வாசிச்சா தேடிப் பிடிச்சுடுவோம். ஜூம்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணிக் காட்டுறதும் எங்களுக்கு வெறும் படம்தான், அதனால மேற்கோளை முன்னாடியே டெக்ஸ்டா அனுப்பச் சொல்லிட்டோம். ஆள் பேசிட்டு இருக்கும்போது சாட்ல "ஆமா ஆமா"ன்னு தட்டுறதையும் நிறுத்தியாச்சு, ரீடர் அதையும் சேர்த்து காதுல கத்தும். கை தூக்க கம்ப்யூட்டர்ல ஆல்ட் ஒய், போன் போட்டு வர்றவங்களுக்கு ஸ்டார் 9. இலவசக் கணக்குல 40 நிமிஷம்தான், அதுவே போதும்னு இப்ப தோணுது, சுத்தி வளைச்சுப் பேசுறவங்களும் விஷயத்துக்கு வந்துடுறாங்க.

அடுத்த மாச புக்குல திருத்த வேண்டிய என் பங்கு 30 பக்கம், 22 முடிஞ்சுது. நேத்து ஒரு இடத்துல "பாட்டி" "பரட்டி"ன்னு இருந்துச்சு, யாரோ புது ஆள்னு நினைச்சு ரெண்டு பக்கம் தாண்டி ஓடிட்டேன்.