பூனைக்குக் கோன்: துணியா, பிளாஸ்டிக்கா?

காயம்பட்ட பூனை புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி மாட்டும் கோன் வாங்கப் போகிறீர்களா? பிளாஸ்டிக்கையே வாங்குங்கள். மெத்தென்று இருக்கிறதே என்று நான் முதலில் துணிக் கோனை வாங்கி, எங்கள் செவலையைக் கூடுதலாகக் கஷ்டப்படுத்திவிட்டேன்.

தாராவியில் எங்கள் சந்திலேயே ஒரு தெருநாய் அவனை இடுப்பில் கவ்வி உதறிவிட்டது. எதிர்வீட்டு அக்கா ஒரு வாளித் தண்ணீரை வீசியடித்த பிறகுதான் விட்டது. வெளியே நான்கே நான்கு துளை, ரத்தமும் அதிகமில்லை. மஞ்சள் வைத்தால் ஆறிவிடும் என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை. அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்துப் படுக்கவைத்து டாக்சி பிடித்தேன்.

டாக்டர் முதலில் ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார், மூச்சைக் கவனித்தார், எக்ஸ்ரே எடுத்தார். முடியை மழித்த பிறகுதான் நிலைமை தெரிந்தது. துளைகளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கன்றிக் கறுத்திருந்தது. நாய் கவ்வி உதறினால் மேலே பல் தடம் சின்னதாகத்தான் இருக்குமாம். உள்ளே தோல் சதையை விட்டுப் பிரிந்து, அந்த இடத்தில் சீழ் கட்டுமாம். சலைனால் கழுவி, நீர் வடிய மெல்லிய ரப்பர் குழாய் வைத்துத் தைத்தார். வெறிநாய்க்கடி ஊசியும் போட்டார். என்னையும் அவன் பிறாண்டியிருந்ததால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நானும் போய் ஊசி போட்டுக்கொண்டேன்.

அந்தக் குழாயை அவன் இழுத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் கோன்.

துணிக் கோன் 350 ரூபாய். தையல்காரியாகச் சொல்கிறேன், தையலில் குறையே இல்லை. உள்ளே வைத்திருக்கும் ஸ்பாஞ்சுதான் கோளாறு. அவன் கழுத்தைத் திருப்பினால் அதுவும் கூடவே மடிகிறது. இரண்டாம் நாள் விடியற்காலையில் ஏதோ சத்தம் கேட்டு லைட்டைப் போட்டால், குழாய் அவன் பல்லில் இருக்கிறது. ஒரு தையல் பிரிந்திருந்தது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஊசி.

பிளாஸ்டிக் 180 ரூபாய். விளிம்பு மூக்கைத் தாண்டி இரண்டு விரற்கடை நீண்டிருக்க வேண்டும், கழுத்துப் பக்கம் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரே குறை, கழுத்தோரம் கூராக இருந்து முடியை அறுத்தது. மீந்த ரவிக்கைத் துணியில் பைப்பிங் வெட்டி, சூடான ஊசியால் ஓட்டை போட்டுச் சுற்றித் தைத்தேன். அப்புறம் தொந்தரவில்லை.

முதல் நாள் சாப்பிடவில்லை. கிண்ணத்தில் கோன் இடிக்கிறது என்று புரிய எனக்கு நேரமாயிற்று. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பயந்துபோனேன். டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் தட்டை வைத்து, வேகவைத்த மத்தியை முள் எடுத்து வெதுவெதுப்பாக வைத்தேன். வாசனை பிடித்ததும் தின்றான். வலிக்கு டாக்டர் தந்த மருந்து மட்டும்தான். நாம் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம், தொடவே கூடாது.

சாயங்காலம் ஆனால் உடம்பை நக்குவதாக நினைத்துக் கோனின் உட்புறத்தையே நக்கிக்கொண்டிருப்பான். பார்க்கப் பொறுக்காது. ஈரத்துணியால் துடைத்து, காதோரம் விரல் விட்டுச் சொறிந்தால் தலையின் முழுப் பாரத்தையும் என் கையில் சாய்த்துவிடுவான்.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள், பன்னிரண்டாம் நாள் தையலை. கோனைக் கழற்றியதும் ஒரு மணி நேரம் விடாமல் நக்கினான்.

கீழ்வீட்டுப் பூனைக்கு அடுத்த வாரம் கருத்தடை ஆபரேஷன். கோனைக் கழுவி, பைப்பிங்கைப் புதிதாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.